இரு மொழிகளில் படிநிலை அபுனைவு நூல்கள்: நிலைக் குறியீடு எதை அளக்கிறது?

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில், குறிப்பாக ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் மிகுதியாகப் படிக்கும் டெக்சஸ், கலிஃபோர்னியா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களின் வகுப்பறைகளில், மெல்லிய சிறு நூல்கள் கூடை கூடையாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். எரிமலை, தேனீ, திமிங்கிலம், நீர்ச்சுழற்சி, தீயணைப்பு வீரரின் பணி என ஒவ்வொரு நூலும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் 16 அல்லது 24 பக்கங்களுக்குள், நிழற்படங்களோடு விளக்குகிறது. அட்டையில் ஓர் எழுத்தோ எண்ணோ அச்சிடப்பட்டிருக்கும். அதுவே அந்நூலின் வாசிப்பு நிலை. பல நூல்களுக்கு ஸ்பானிய வடிவமும் உண்டு. அதே படங்கள், அதே பக்க எண்ணிக்கை, சில வேளைகளில் அதே நிலைக் குறியீடு. என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: கதை நூலுக்கு ஓரளவு பொருந்தும் நிலைக் குறியீடு, உண்மைச் செய்திகளைச் சொல்லும் அபுனைவு நூலுக்குக் குறைவாகவே பொருந்துகிறது, ஆங்கிலத்தில் கணித்த குறியீட்டை ஸ்பானிய வடிவத்தின்மீது அப்படியே ஒட்டும்போது அது ஏறத்தாழப் பொருளற்றுப் போகிறது.

நூல்களைப் படிநிலைப்படுத்தும் எண்ணம் புதியதன்று. 1836இல் வெளிவரத் தொடங்கிய மக்கஃபி வாசிப்பு நூல்களே எளியதிலிருந்து கடினத்திற்குச் செல்லும் வரிசையாக அமைந்தவைதான். ஆயினும் இன்றைய முறைக்கு அடித்தளமிட்ட கருத்து 1946இல் எம்மெட் பெட்ஸ் என்ற கல்வியாளர் வகுத்தது. ஒரு பிள்ளை ஒரு பகுதியை வாசிக்கையில் நூற்றுக்கு 99 சொற்களைச் சரியாக வாசித்தால் அது தானே வாசிக்கத்தக்க நிலை. 95 சொற்களாவது சரியாக வந்தால் ஆசிரியர் துணையோடு கற்கத்தக்க நிலை. 90க்குக் கீழே போனால் பிள்ளை சோர்ந்துபோகும் நிலை என்று அவர் பிரித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1948இல், ருடால்ஃப் ஃப்ளெஷ் ஒரு சூத்திரத்தையும் எட்கர் டேல், ஜீன் சால் இருவரும் இணைந்து மற்றொரு சூத்திரத்தையும் வெளியிட்டார்கள். வாக்கியம் எவ்வளவு நீளம், சொல் எவ்வளவு நீளம் அல்லது எவ்வளவு அறிமுகமானது என்ற இரண்டை வைத்தே ஒரு நூலின் கடினத்தைக் கணித்துவிடலாம் என்பது இச்சூத்திரங்களின் நம்பிக்கை. பின்னர் மெட்டாமெட்ரிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய லெக்ஸைல் அளவீடும், கணினியின் துணையோடு மிகப் பெரிய சொற்றொகுதியைப் பயன்படுத்தினாலும், அடிப்படையில் வாக்கிய நீளத்தையும் ஒரு சொல் அச்சில் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையுமே சார்ந்தது.

எழுத்துகளால் குறிக்கப்படும் நிலைகள் வேறொரு வழியில் வந்தவை. நியூசிலாந்தைச் சேர்ந்த மேரி கிளே, வாசிப்பில் பின்தங்கிய முதல் வகுப்புப் பிள்ளைகளுக்காக 1970களில் உருவாக்கிய மீட்புத் திட்டத்தில் சிறு சிறு படிகளாக உயரும் நூல்வரிசை இன்றியமையாதது. அத்திட்டம் 1984இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வழியாக அமெரிக்காவுக்குள் வந்தது. அதன் ஸ்பானிய வடிவம் பின்னர் அரிசோனாவின் டூசான் நகரில் உருவானது. ஐரீன் ஃபௌண்டாஸ், கே சூ பின்னெல் ஆகியோர் 1996இல், ஆசிரியர் சிறு குழுவோடு அமர்ந்து துணைநிற்கும் வழிகாட்டு வாசிப்பு பற்றி எழுதிய நூல் இந்தப் படிகளை வகுப்பறை முழுவதற்கும் கொண்டுசென்றது. அவர்களது வரிசை நாளடைவில் ஏ முதல் இசட் வரை விரிந்து, பதிப்பகங்களின் விற்பனைப் பட்டியல்களையே வடிவமைக்கும் அளவுக்கு வலுப்பெற்றது. இங்கே கணினியன்று, பயிற்சி பெற்ற மனிதர்களே பொருள், அமைப்பு, படம், எழுத்தளவு, சொல்வளம் முதலியவற்றைப் பார்த்து நிலையைத் தீர்மானிக்கிறார்கள். சூத்திரத்தைவிட இது மேலானதுதான். இருப்பினும் அந்தத் தீர்மானம் ஒரே ஓர் எழுத்தாகச் சுருங்கி அட்டைக்கு வந்து சேரும்போது, அதற்குப் பின்னிருந்த சிந்தனை அத்தனையும் வாசிப்பவரின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

அபுனைவு நூலில் இந்த அளவீடுகள் தடுமாறுவதற்கு முதற்காரணம் வாக்கிய நீளம். நிலையைக் கீழே கொண்டுவர எளிய வழி, நீண்ட வாக்கியங்களை வெட்டுவது. ‘மழை பெய்யாததால் ஆறு வற்றியது, ஆறு வற்றியதால் மீன்கள் மடிந்தன’ என்ற வாக்கியத்தை ‘மழை பெய்யவில்லை. ஆறு வற்றியது. மீன்கள் மடிந்தன’ என்று மாற்றினால் சூத்திரம் மகிழ்ச்சியோடு நிலையைக் குறைத்துக் காட்டும். பிள்ளைக்கோ வேலை கூடிவிட்டது. எது காரணம், எது விளைவு என்பதை முன்பு நூலே சொன்னது. இப்போது மூன்று துண்டுகளையும் பிள்ளையே கோத்துக்கொள்ள வேண்டும். டேவிட் பியர்சன் 1974-75இல் வெளியிட்ட ஆய்வு, காரண உறவை வெளிப்படையாகச் சொல்லும் நீண்ட வாக்கியங்களைப் பிள்ளைகள் துண்டுபட்ட குறுவாக்கியங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வதைக் காட்டியது. ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் கீழ்நிலை அறிவியல் நூல்கள் பலவற்றை இன்று திறந்து பார்த்தாலும் ‘ஏனெனில்’, ‘ஆகையால்’, ‘இருந்தபோதிலும்’ போன்ற இணைப்புகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. விளக்கம் என்பதே இந்த இணைப்புகளில்தான் இருக்கிறது. அவற்றை நீக்கிய அறிவியல் நூலில் எஞ்சுவது தகவல்களின் அடுக்கு மட்டுமே.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. கதையில் வரும் தாய், நாய், சண்டை, சமாதானம் ஆகியவற்றைப் பிள்ளை தன் வாழ்க்கையிலிருந்தே அறிந்திருக்கிறது. எரிமலைக்குழம்பையும் மகரந்தச் சேர்க்கையையும் அப்படி அறிந்திருக்க வேண்டிய தேவையில்லை. எனவே அபுனைவு நூலின் கடினம் நூலுக்குள் மட்டும் இல்லை. வாசிப்பவர் ஏற்கெனவே என்ன அறிந்திருக்கிறார் என்பதிலும் பாதி இருக்கிறது. இதை மிகத் தெளிவாக நிறுவியது டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு. ஏழாம், எட்டாம் வகுப்புகளைச் சேர்ந்த 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் உரையைக் கொடுத்து, வாசித்ததை மீண்டும் சொல்லவும் செய்துகாட்டவும் கேட்டார்கள். வாசிப்புத் தேர்வில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பாலை நன்கறிந்த மாணவர்கள், வாசிப்பில் சிறந்தும் அவ்விளையாட்டை அறியாத மாணவர்களைவிடச் சிறப்பாகச் செய்தார்கள். உரை ஒன்றே, அதற்கு எந்த எழுத்தை ஒட்டினாலும் ஒரு கூட்டத்துக்கு அது எளிது, மற்றொரு கூட்டத்துக்கு அது கடினம்.

இந்த உண்மையிலிருந்து பிறக்க வேண்டிய முடிவு, பிள்ளைகளுக்குச் சிறு வயதிலிருந்தே அறிவூட்டும் நூல்களை நிறையக் கொடுக்க வேண்டும் என்பதுதான். நடைமுறை வெகுகாலம் அதற்கு எதிராக இருந்தது. நெல் டியூக் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன் வட்டாரத்தின் 20 முதல் வகுப்பு அறைகளில் தகவல் உரைகளுக்காகச் செலவிடப்பட்ட நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 3.6 நிமிடங்கள் மட்டுமே என்று கண்டார். வருவாய் குறைந்த வட்டாரங்களின் பள்ளிகளில் அது மேலும் சுருங்கி 1.4 நிமிடங்களாக இருந்தது. வீட்டில் நூல்கள் குறைவாக உள்ள பிள்ளைகளுக்குத்தான் பள்ளி அதிகம் தர வேண்டும். பள்ளியோ அவர்களுக்கே குறைவாகத் தந்தது. 2010இல் வந்த பொது மையக் கல்வித் தரநிலைகள், நான்காம் வகுப்பளவில் வாசிப்பில் பாதி இலக்கியமாகவும் பாதி தகவல் உரையாகவும் இருக்க வேண்டும் என்று வகுத்தன. 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அவற்றை ஏற்றுக்கொண்டதால் பதிப்பகங்கள் விரைந்து அபுனைவு வரிசைகளை வெளியிட்டன. நூல்கள் பெருகியது நல்லதே. ஆனால் விரைவில் பெருகியவற்றுள் பல, பொருளை நேசித்து எழுதப்பட்டவையாக இல்லாமல், ஒரு நிலைக்கான இடத்தை நிரப்ப எழுதப்பட்டவையாக இருந்தன.

இனி ஸ்பானிய வடிவங்களைப் பார்ப்போம். முதல் வேறுபாடு எழுத்தமைப்பிலேயே தொடங்குகிறது. ஸ்பானிய மொழியில் உயிரொலிகள் ஐந்து, எழுதியபடியே வாசிக்கலாம். மௌனமாக நிற்கும் சில எழுத்துகளும் ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துகள் வருவதும் எழுதுகையில்தான் தொல்லை தருமேயன்றி வாசிக்கையில் அவ்வளவாக இல்லை. ஆங்கிலமோ எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே ஏராளமான விதிவிலக்குகளைக் கொண்டது. பல ஐரோப்பிய மொழிகளில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளை ஒப்பிட்டு 2003இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், முதல் வகுப்பின் இறுதியில் ஸ்பானியப் பிள்ளைகள் அறிமுகமான சொற்களில் 95 விழுக்காட்டைச் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலத்தில் பயின்ற ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் 34 விழுக்காட்டை மட்டுமே வாசித்தார்கள். இது பிள்ளைகளின் திறமையைப் பற்றிய செய்தியன்று, எழுத்தமைப்பைப் பற்றிய செய்தி.

இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தின் தொடக்க நிலை அபுனைவு நூல்கள் ‘நான் ஓர் எறும்பைக் காண்கிறேன், நான் ஒரு தேனீயைக் காண்கிறேன்’ என்று ஒரே வாக்கிய அமைப்பைப் பக்கந்தோறும் திருப்பிச் சொல்லி, மாறும் ஒரு சொல்லைப் படத்தைக் கொண்டு ஊகிக்க விடுகின்றன. படத்தைப் பார்த்து ஊகிப்பதை வாசிப்பு என்று எண்ணிவிடக் கூடாது, எழுத்தையும் ஒலியையும் முறையாகக் கற்பிக்க வேண்டும் என்ற வாதம் கடந்த பத்தாண்டுகளில் அமெரிக்காவில் வலுப்பெற்று, பல மாநிலங்கள் ஊகித்து வாசிக்கும் முறையைச் சட்டத்தாலேயே விலக்கிவிட்டன. அந்த வாதம் ஆங்கிலத்துக்கே பொருந்துமானால் ஸ்பானியத்துக்கு இன்னும் பொருந்தும். அசைகளைக் கூட்டி வாசிக்கக் கற்ற ஒரு பிள்ளை ‘மரிபோசா’ என்ற நான்கசைச் சொல்லைப் படமின்றியே வாசித்துவிடும். வண்ணத்துப்பூச்சியின் படம் வாசிப்புக்கு ஊன்றுகோலாக வேண்டியதில்லை, அறிவுக்குத் துணையாக மட்டும் இருந்தால் போதும். அப்படியிருக்க, எறும்புக்கு ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகள், ஸ்பானியத்தில் ‘ஓர்மிகா’ என்று ஏழு எழுத்துகள் என்பதால் ஸ்பானியச் சொல் கடினமானது என்று கணக்கிடும் எந்த அளவீடும் அடிப்படையிலேயே பிழையானது. ஸ்பானியத்தில் சொல்லின் நீளம் கடினத்தின் அடையாளமாக ஆங்கிலத்தில் உள்ள அளவுக்கு இல்லை. இதை அறிஞர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். ஸ்பால்டிங் 1956இல் ஸ்பானியத்துக்கென்றே ஒரு சூத்திரம் அமைத்தார். ஃபெர்னாண்டெஸ் ஹுவெர்த்தா 1959இல் ஃப்ளெஷின் சூத்திரத்தை ஸ்பானியத்துக்கேற்ப மாற்றினார். லெக்ஸைலுக்கும் ஸ்பானியத்துக்கெனத் தனி அளவீடு உண்டு. ஆகவே ஒரே நூலின் இரு வடிவங்களும் ஒரே எண்ணைப் பெற வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

சொல்வளத்தில் நிலைமை இன்னும் சுவையானது. அபுனைவு நூல்களுக்கே உரிய ஒரு செல்வம் இங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தின் அன்றாடச் சொற்களில் பெரும்பாலானவை ஜெர்மானிய வேரைக் கொண்டவை. அறிவியல் சொற்களோ பெரும்பாலும் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்தவை. இதனால் ஆங்கிலம் மட்டுமே அறிந்த பிள்ளைக்கு நிலவைக் குறிக்கும் ‘மூன்’ என்ற சொல்லுக்கும் நிலவு சார்ந்ததைக் குறிக்கும் ‘லூனார்’ என்ற சொல்லுக்கும் எந்த உறவும் தெரிவதில்லை. லத்தீனிலிருந்தே கிளைத்த ஸ்பானியத்தைப் பேசும் பிள்ளைக்கு நிலவு ‘லூனா’. ‘லூனார்’ என்ற சொல் அதன் மிக அருகில் நிற்கிறது. பல் ‘தியென்தே’ என்பதால் பல் சார்ந்த ஆங்கிலச் சொல்லான ‘டென்டல்’ அவ்வளவு அந்நியமாக ஒலிக்காது. அரிமானம், ஆவியாதல், உருமாற்றம், ஊனுண்ணி போன்ற கருத்துகளுக்கான சொற்கள் இரு மொழிகளிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருக்கின்றன. சொல்லின் அருமையை வைத்து ஆங்கில நூலின் நிலையை உயர்த்தும் சூத்திரத்துக்கு இது தெரியாது. அதன் கணக்கில் மிகக் கடினமான அந்தக் கலைச்சொற்களே ஸ்பானியம் பேசும் பிள்ளை ஆங்கில நூலுக்குள் நுழையும் வாயிலாக அமையலாம். எளிய சொற்கள் என்று கணிக்கப்படும் ‘கிவ் அப்’, ‘டேக் ஆஃப்’ போன்ற ஆங்கிலத்தின் குறுவினைச் சேர்க்கைகளே தடையாக நிற்கலாம். இந்த உறவு தானாகத் தெரிந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுத்தில் ஒன்றுபோலிருக்கும் சொற்கள் ஒலியில் வேறுபடுவதால், ஆசிரியர் ஒருமுறையாவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

மொழிபெயர்ப்பில் வரும் மற்றொரு சிக்கல் வட்டார வழக்கு. அமெரிக்காவில் ஸ்பானியம் பேசும் குடும்பங்கள் மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சல்வடோர், குவாத்தமாலா, டொமினிக்கன் குடியரசு எனப் பல இடங்களில் வேர் கொண்டவை. பேருந்துக்கு மெக்சிகோவில் ‘கமியோன்’, கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் ‘குவாகுவா’. கதையில் இது சுவையைக் கூட்டும். இயற்கையைப் பற்றிய நூலில் துல்லியத்தின் கேள்வியாகிவிடுகிறது. ஆந்தையைக் குறிக்க ஆங்கிலத்தில் பொதுச்சொல் ஒன்று போதும். ஸ்பானியத்திலோ தலையில் கொம்புபோல் இறகுக் குஞ்சம் கொண்டதைப் ‘பூஓ’ என்றும் வெண்முகக் கூகையை ‘லெச்சூசா’ என்றும் பெரும்பாலும் பிரித்தழைக்கிறார்கள். மெக்சிகோவில் அந்நாட்டுப் பழங்குடி மொழியான நாவாவிலிருந்து வந்த ‘தெகொலோத்தே’ என்ற சொல்லும் வீடுகளில் வழங்குகிறது. எந்தப் பறவையின் படம் அட்டையில் இருக்கிறது என்று பாராமல் தலைப்பை மொழிபெயர்த்தால் நூல் பொய் சொல்லிவிடும். பதிப்பகங்கள் பொதுவாக எல்லோருக்கும் விளங்கும் நடுநிலை ஸ்பானியத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. அதில் தவறில்லை. ஆயினும் கலைச்சொல் விளக்கப் பகுதியில் இரண்டு மூன்று வட்டாரச் சொற்களையும் சேர்த்துக் கொடுத்தால், தன் வீட்டில் கேட்ட சொல் அச்சிலும் இருக்கிறது என்று பிள்ளை காணும். அந்த ஒரு வரிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

பக்க அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆங்கில உரையைவிட ஸ்பானிய உரை கணிசமாக நீளும். ஆங்கிலத்துக்கென வரைந்த பக்கத்தில் அதை அடைக்கும்போது எழுத்தளவு சுருங்குகிறது அல்லது உரை வெட்டப்படுகிறது. சொல்லடைவின் அகரவரிசையும் முற்றிலும் மாறிவிடும். இவையெல்லாம் தொடக்கத்திலேயே இரு மொழிகளையும் மனத்தில் வைத்து நூலைத் திட்டமிட்டால் எளிதில் தீரக்கூடியவை. எழுத்து, ஒலிப் பயிற்சிக்கான நூல்களை மட்டும் மொழிபெயர்க்கவே முடியாது. அவை அந்தந்த மொழியிலேயே பிறக்க வேண்டும்.

நிலைக் குறியீடு உண்டாக்கும் பெருந்தீங்கு நூலில் நிகழ்வதில்லை, கூடையில் நிகழ்கிறது. ‘நீ இந்த எழுத்துள்ள கூடையிலிருந்து மட்டும் எடு’ என்று சொல்லப்படும்போது நூலுக்கான அளவுகோல் பிள்ளைக்கான பெயராகிவிடுகிறது. எழுத்து வரிசையைப் பரப்பிய ஃபௌண்டாஸும் பின்னெலுமே, நிலை என்பது ஆசிரியருக்கான கருவி, பிள்ளைக்கான முத்திரையன்று என்று பலமுறை வலியுறுத்தியிருக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கமும் 2011இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையில், நூல்களின்மீது நிலைக் குறியீடுகளை ஒட்டி அவற்றின்படி அடுக்குவதை எதிர்த்தது. மெக்சிகோவிலிருந்து வந்து நான்காம் வகுப்பில் சேரும் ஒன்பது வயதுப் பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். ஸ்பானியத்தில் அவளால் சூரியக் குடும்பத்தைப் பற்றி விரிவாக வாசிக்கவும் விளக்கவும் முடியும். ஆங்கிலத் தேர்வு அவளை மழலையர் வகுப்பின் எழுத்தில் நிறுத்துகிறது. அந்தக் கூடையில் அவளுக்குக் கிடைப்பது ‘தவளை குதிக்கிறது, முயல் குதிக்கிறது’ என்ற நூல்தான். அவளது அறிவுக்கும் அந்நூலுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறியீடு சொல்வதேயில்லை. கோள்களைப் பற்றிய ஸ்பானிய நூலை முதலில் அவள் கையில் கொடுத்து, பிறகு அதே பொருளில் ஆங்கிலத்தின் எளிய நூலையும் அடுத்து அதைவிடச் சற்றுக் கடினமான நூலையும் கொடுத்தால், அவளிடம் ஏற்கெனவே உள்ள அறிவே ஆங்கில வாசிப்பைத் தாங்கும். ஒரு மொழியில் பெற்ற வாசிப்புத் திறன் மற்றொரு மொழிக்குத் துணையாகிறது என்பதை ஜிம் கமின்ஸ் 1979இலேயே கருதுகோளாக முன்வைத்தார். 2006இல் வெளியான தேசிய எழுத்தறிவுக் குழுவின் அறிக்கையும் தாய்மொழியில் பெற்ற எழுத்தறிவு ஆங்கில எழுத்தறிவுக்கு உதவுகிறது என்றே முடிவு கண்டது.

ஆகவே, இவ்வகை நூல்களைத் தேர்ந்தெடுக்கும் பள்ளிகள் நிலைகளின் ஏணியாக வாங்காமல் பொருள்களின் தொகுதியாக வாங்குவதே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். தேனீ பற்றி ஒரே நிலையில் ஒரு நூல், ரயில் பற்றி அதே நிலையில் மற்றொரு நூல், பாலைவனம் பற்றி இன்னொரு நூல் என்று சிதறி வாசிக்கும் பிள்ளை ஒவ்வொரு நூலிலும் புதிதாகத் தொடங்குகிறது. தேனீ பற்றியே நான்கு நூல்களை, வெவ்வேறு நிலைகளில், இரு மொழிகளிலும் வாசிக்கும் பிள்ளைக்கு மகரந்தம், கூடு, இராணித் தேனீ என்ற சொற்கள் திரும்பத் திரும்பக் கிடைத்து, நான்காவது நூல் அதன் குறியீடு சொல்வதைவிட எளிதாகிவிடுகிறது.

இரு மொழி வாசிப்பை மதிப்பிடும் முறையும் இதற்கேற்ப மாற வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு நிலை, ஸ்பானியத்தில் ஒரு நிலை எனத் தனித்தனியாகப் பார்த்தால் இருமொழிப் பிள்ளை இரண்டிலும் குறைபட்டதாகவே தோன்றும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் கேத்தி எஸ்கமியாவும் அவருடன் பணியாற்றியோரும் உருவாக்கிய இருமொழி எழுத்தறிவுத் திட்டம், இரண்டு மதிப்பீடுகளையும் ஒரே அட்டவணையில் சேர்த்து, ஸ்பானிய நிலை சற்று முன்னும் ஆங்கில நிலை சற்றுப் பின்னும் செல்வதை இயல்பான வளர்ச்சிப் பாதையாகக் கொள்கிறது. இந்தப் பார்வையில் ஆங்கிலத்தின் பின்தங்கல் குறையன்று. அடுத்து எங்கே உதவ வேண்டும் என்பதைக் காட்டும் குறிப்பு.

இத்தனையையும் செயல்படுத்த மேல்நிலை ஸ்பானிய நூல்கள் வேண்டும். அங்கேதான் பற்றாக்குறை மிகக் கடுமையாக இருக்கிறது. 1968இல் கூட்டாட்சி அரசின் இருமொழிக் கல்விச் சட்டம் வந்த பின்னரும், பெரும்பாலான பள்ளிகள் ஸ்பானியத்தை ஆங்கிலத்துக்குக் கடந்து செல்லும் பாலமாகவே கருதி, இரண்டாம் மூன்றாம் வகுப்போடு நிறுத்திவந்தன. கலிஃபோர்னியா 1998இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் இருமொழிக் கல்வியைப் பெரிதும் முடக்கி, 2016இல் மற்றொரு வாக்கெடுப்பின் மூலமே மீண்டும் கதவைத் திறந்தது. வாங்குவோர் இல்லாத வகுப்புகளுக்குப் பதிப்பகங்கள் நூல் எழுதுவதில்லை. ஆகையால் ஸ்பானிய வரிசைகள் தொடக்க நிலைகளில் தடித்தும், அறிவியலும் வரலாறும் உண்மையிலேயே விரிவடையும் நான்காம் ஐந்தாம் வகுப்பு நிலைகளில் மெலிந்தும் காணப்படுகின்றன. ஐந்தாம் வகுப்பு வரையோ அதற்கு அப்பாலோ இரு மொழிகளிலும் பாடம் நடத்தும் பள்ளிகள் இப்போது பெருகிவருகின்றன. அவற்றின் ஆசிரியர்கள் நூல் வாங்கும்போது கேட்க வேண்டியது இந்த மேல்நிலை நூல்களைத்தான்; அதிலும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தவற்றோடு, ஸ்பானியத்திலேயே எழுதப்பட்டுப் பொருளறிந்த ஒருவரால் சரிபார்க்கப்பட்ட நூல்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.